பக்குல்தலாவில் ஒரு பேச்சுவார்த்தை

புதன்கிழமை காலை ஏழேகாலுக்குச் சென்னையில் விமானம் ஏறி, ஒன்பதரைக்குப் போர்ட் பிளேரில் இறங்கினோம். ஊருக்கு இப்போது அரசாங்கம் புதுப்பெயர் வைத்திருக்கிறது. ஆனால் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தொடங்கி ஆட்டோக்காரர் வரை பழைய பெயரைத்தான் சொன்னார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். திருச்சியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகையில் அந்தமான் போய்வராத ஆள் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான். போனவர்கள் எல்லோரும் சிறைச்சாலையையும் ஹேவ்லாக் கடற்கரையையும் பார்த்துவிட்டுச் சிப்பி மாலையோடு திரும்பினார்கள். நாங்கள் அவை இரண்டையும் பார்க்கவில்லை. ஒரு மனிதரைப் பார்க்கப் போனோம்.

நாங்கள் என்றால் நானும் என் மகள் நிவேதாவும். அவள் வெளிநாட்டில் மருத்துவம் படித்தாள். நான்காம் ஆண்டில் அங்கே போர் வந்தது. நாட்டின் பெயரை எழுதவில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் செய்தியைத் தேடிப் பார்ப்பார்கள், நான் அந்த வேலையை இப்போதுதான் குறைத்திருக்கிறேன். ஒன்பது நாள் பதுங்கறையில் இருந்துவிட்டுப் பேருந்தில் எல்லை கடந்து வீடு வந்தாள். அதன் பிறகு இணையத்தில் வகுப்பு நடந்தது. இப்போது கல்லூரியை அவள் கடந்து வந்த அதே எல்லைக்குப் பக்கத்தில், கொஞ்சம் அமைதியான நகரம் ஒன்றுக்கு மாற்றி, கடைசி ஆண்டு மாணவர்கள் நேரில் வந்தாக வேண்டும் என்கிறார்கள். மருத்துவமனைப் பயிற்சி இல்லாமல் பட்டம் இல்லை. அவள் போகிறேன் என்றாள். நான் அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து வங்கி லாக்கரில் வைத்துவிட்டேன். லாக்கர் என் பெயரில் இருக்கிறது. என் கணவர், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, முடிஞ்சதும் சொல்லுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். நாங்கள் பேசவே இல்லை. சத்தம் போட்டோம், அவ்வளவுதான்.

பார்க்கப் போன மனிதர் செல்லையா. ஓய்வு பெற்ற தூதரக அதிகாரி. அந்த எல்லைச் சாவடியில் எங்கள் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டவர். பெற்றோர்களின் வாட்சாப் குழுவில் தினமும் மாலை அவருடைய குரல் வரும்: "இன்னைக்கு நாலு பஸ் வந்துச்சு. உங்க பிள்ளை வரலைன்னா, நாளைக்கும் நான் இங்கதான் நிப்பேன்." இவ்வளவுதான். மற்ற அதிகாரிகள் எல்லோரும் கவலைப்படாதீர்கள் என்றார்கள்; அவர் ஒரு நாள்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அதனாலேயே அவர் குரலை மட்டும் நம்பினேன். ஓய்வு பெற்ற பின் பொங்கல் வாழ்த்துக்கு அவர் அனுப்பிய பதிலில், ரங்கத் பக்கம் மனைவியின் ஊரில் இருப்பதாகவும், அவசியம் குடும்பத்தோடு வரவேண்டும் என்றும் இருந்தது. டிக்கெட் எடுத்துவிட்டேன். அவர் சொன்னால் நிவேதா கேட்பாள் என்பது என் கணக்கு. அவர் சொன்னால் அம்மா கேட்பாள் என்பது நிவேதாவின் கணக்கு என்று பிறகு தெரிந்தது.

போர்ட் பிளேரில் டாலிகஞ்சில் தங்கினோம். கீழே மளிகைக் கடை, மேலே மூன்று அறைகள். வாடகை ஆயிரத்து இருநூறு. கடைக்காரர் காதர் பாய்க்குப் பூர்வீகம் தொண்டிப் பக்கம். அவர் வாப்பா காலத்திலேயே கடல் தாண்டி வந்துவிட்டார்கள். கடையில் நின்ற அரை மணி நேரத்தில் வங்காளிக்கு ஒரு மாதிரி, தெலுங்கருக்கு ஒரு மாதிரி இந்தி பேசினார். இரண்டும் அந்தமான் இந்தி என்றார். எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"மெயின்லேண்டுல எங்கிட்டு?"

"திருச்சி."

"ஹேவ்லாக்குக்குக் கப்பல் டிக்கெட் போட்டாச்சா?"

"இல்ல பாய், ரங்கத் போறோம்."

"ரங்கத்தா!" தராசில் பருப்பை நிறுத்தபடியே சிரித்தார். "ரங்கத்துல இருந்து ஜனங்க இங்க வருவாங்க, ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும். இங்கேர்ந்து சுத்திப் பாக்க ரங்கத் போற மொத ஆளு நீங்கதான். யாரு இருக்காங்க அங்க?"

செல்லையாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "ஓ, கச்சால் தீவுக்காரரு! ஃபாரின்ல பெரிய ஆபீசரா இருந்தவரு. இங்க வந்தா நம்ம கடையிலதான் மாசிக் கருவாடு வாங்குவாரு. வெலை ஜாஸ்தின்னு ஒரு நாளும் சொன்னதில்ல. 'பாய், இந்த மாசி பிளேன்ல வந்துச்சா'ன்னு கேப்பாரு. நானே பத்து ரூவா கொறச்சுப்புடுவேன்."

நிவேதா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

வியாழக்கிழமை விடிகாலை நான்கு மணிக்குப் பேருந்து. டிக்கெட் ஒருவருக்கு இருநூற்றெண்பது ரூபாய். தூரம் ஏறத்தாழ நூற்றெழுபது கிலோமீட்டர். சமவெளியில் மூன்றரை மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு இங்கே ஏழு மணி நேரம் பிடிக்கும். ஜிர்காடாங் என்ற இடத்தில் கேட் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பழங்குடி மக்களின் காப்புக்காடு. குறித்த நேரத்தில் கேட் திறக்கும். எல்லா வண்டிகளும் வரிசையாக, முன்னாலும் பின்னாலும் காவல் வண்டியோடு போக வேண்டும். நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஆறு மணிக்குக் கேட் திறப்பதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. இந்தத் தீவுகளில் சூரியன் கல்கத்தா நேரத்துக்கும் முன்னால் எழுந்துவிடுகிறது.

காட்டைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. இருபுறமும் மரங்கள் சாலைக்கு மேல் கைகோத்திருந்தன; வெளிச்சம் பச்சையாக இறங்கியது. ஜன்னல் வழியே யாராவது தெரிகிறார்களா என்று எட்டிப் பார்த்த ஒரு சுற்றுலாப் பயணியைக் கண்டக்டர், "பாய் சாப், அவங்க வீட்டு வாசல் இது. மூஞ்சியை உள்ள வைங்க" என்று இந்தியில் அதட்டினார். நான் என் கையில் இருந்த மகளின் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று நினைவில்லை. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் கை கட்டை போல இருந்தது.

மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற இடத்தில் சாலை முடிந்து கடல் குறுக்கே வருகிறது. பேருந்தையே ஒரு தட்டைப் படகில் ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள். பயணிகள் இறங்கி, படகின் ஓரத்தில் நிற்க வேண்டும். கரையோரம் முதலை எச்சரிக்கைப் பலகை. நான் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற தமிழ்க் காண்ட்ராக்டர் ஒருவர், ரோடு வேலை எடுப்பவராம், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேடம், பத்து நிமிஷம். நீங்க என்னமோ கல்கத்தாவுக்குக் கப்பல்ல போற மாதிரி கேக்குறீங்க."

"பத்து நிமிஷத்துல முங்காதா?"

"முங்கும். ஆனா இதுவரைக்கும் டைம் கெடைக்கல அதுக்கு."

நிவேதா படகின் மறுகோடிக்குப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்த சாமி பெயர்கள் எல்லாவற்றையும் சொல்லி உள்ளுக்குள் கும்பிட்டேன்.

பதினோரு மணி வாக்கில் பக்குல்தலாவில் இறங்கினோம். ரங்கத் போவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர். வங்காளிக் குடியேறிகளின் நெல்வயல்கள், பாக்குத் தோப்புகள், வீட்டுக்கு ஒரு மீன்குளம். செல்லையாவின் வீடு சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில்: தகரக் கூரை, பலகைச் சுவர், முன்னால் வராந்தா. வாசலில் ஒரு பெண்மணி பாக்கு உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரீனா. இதே ஊர் வங்காளிக் குடும்பம், கணவரிடம் கற்ற தமிழ்; அக்காவுக்கு மட்டும் தீதி என்பார். நான் யார் என்று சொன்னதும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"ஹே பகவான்! நிஜமா வந்துட்டீங்களா தீதி?" பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சுன்தே ஹோ, கேக்குதா? ஆளு வந்திருக்கு! உலகம் பூரா எல்லாருக்கும் வாங்க, அவசியம் வாங்கன்னு சொல்லி வெச்சீங்களே, ஒரு ஆளு வந்தாச்சு!"

புறப்படுவதற்கு முன் இரண்டு முறை தகவல் அனுப்பியிருந்தேன். இங்கே பல நாள் இணையம் வராது என்பது எனக்குத் தெரியாது. தூதரக மனிதர்கள் "வாங்க" என்பது நாம் போனை வைக்கும்போது "சரி, அப்புறம்" என்பது போன்றது என்பதும் தெரியாது.

உள்ளேயிருந்து லுங்கியும் பனியனுமாக வந்தார் செல்லையா. குட்டையானவர், வழுக்கை, காதில் மட்டும் நரைமுடி. என் நினைவில் அந்தக் குரலுக்கு ஆறடி உயரம் கொடுத்திருந்தேன். என்னை வரவேற்றுவிட்டு நிவேதாவைப் பார்த்தார்.

"நீங்க மூணாவது பஸ்ஸுல, பூனைக்குட்டியோட வந்த பொண்ணு."

"அது என்னுது இல்ல சார். ஃபிரெண்டோடது."

"யாரோடதா இருந்தாலும் அதுக்கும் பேப்பர் கேட்டானே பார்டர்ல. 'மாணவி, வயசு நாலு மாசம்'னு எழுதவான்னு கேட்டேன். அவன் சிரிச்சுட்டான். சிரிச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

இந்தப் பூனைக்குட்டியைப் பற்றி என் மகள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ரங்கத்தில் லாட்ஜ் பார்த்துக்கொள்கிறோம் என்றதற்கு ரீனா சம்மதிக்கவில்லை. மதியம் கடுகு அரைத்த மீன் குழம்பு. உப்பு தூக்கலாக இருந்தது. செல்லையா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கடல் பக்கத்துல இருக்குன்னு ஞாபகம் வருது" என்றார்.

"பாத்தீங்களா தீதி? கல்யாணமான நாள்லேர்ந்து இப்படித்தான். உப்பு ஜாஸ்தின்னு சொல்ல வாய் வராது. நான் புரிஞ்சுக்கணும்!"

அன்று மாலை வராந்தாவில் அவர் வாழ்க்கையைக் கேட்டேன். ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கும் ஊரில் மாலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அவர் சொன்னதில் பாதியைத்தான் இங்கே தர முடிகிறது.

பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில். அப்போது அவர்கள் குடும்பம் இலங்கையின் குடிகளும் இல்லை, இந்தியாவின் குடிகளும் இல்லை. இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கரையில் இறங்கியவர்களிடம் ரப்பர்த் தோட்ட வேலை இருக்கிறது என்று சொல்லி மறுபடியும் கப்பல் ஏற்றினார்கள். அப்படி வந்து இறங்கிய இடம் நிக்கோபாரில் கச்சால் தீவு. "பத்து வயசு வரைக்கும் எனக்கு நாடுன்னு ஒண்ணு இல்ல மேடம். அப்புறம் வேலை பூரா மத்தவங்களுக்குப் பாஸ்போர்ட் எழுதுறதுதான். விளங்குதா? ஆண்டவனுக்குக் குசும்பு அதிகம்."

தொழிலையும் கச்சாலில்தான் கற்றார். பள்ளிக்கூடத்தில் இந்தி. வீட்டில் தமிழ். தோட்டத்து மேற்பார்வையாளருக்குத் தமிழ் வராது. ரப்பர்ப் பால் வெட்டும் அப்பாவுக்கு இந்தி வராது. நடுவில் பள்ளிக்கூடம் போகும் இந்தப் பிள்ளையை நிறுத்துவார்கள். "அவரு அப்பாவைத் திட்டுவாரு. அப்பா திரும்பத் திட்டுவாரு. நான் அப்படியே சொன்னா அன்னைக்கே வீட்டுல அடுப்பு எரியாது. அதனால வசவைக் கழிச்சிட்டு மீதியைச் சொல்லுவேன். 'வாளி ஓட்டை, புதுசு வேணும்', அவ்வளவுதான். வாளி வந்துரும். பிற்பாடு எத்தனையோ ஊருல, எத்தனையோ பெரிய மனுசங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கேன். எல்லாம் அதே வாளிதான்."

போட்டித் தேர்வு எழுதி டெல்லியில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்தார். மஸ்கட், தார் எஸ் சலாம், கொழும்பு, பிறகு பனி பெய்யும் ஊர்கள் இரண்டு. படிப்படியாக ஏறி, ஓய்வு பெறும்போது கொன்சுலர் அதிகாரி. தூதரகத்தில் அந்தப் பிரிவுக்குத்தான் கடவுச்சீட்டைத் தொலைத்தவர்களும், சிறையில் கிடப்பவர்களும், சவப்பெட்டிகளும் வந்து சேர்கின்றன. "அம்பாசடருக்குக் கார்ல கொடி கட்டியிருக்கும். நமக்குப் பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கிற வேலை" என்றார். கொழும்பில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்த லயத்தைப் பார்க்கப் போனாராம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "தேயிலை நல்லா வளர்ந்திருந்துச்சு" என்றார். ரீனா என்னைப் பார்த்து, புரிந்ததா என்பதுபோலத் தலையசைத்தார்.

அப்போதுதான் நான் வந்த காரியத்தைச் சொன்னேன். லாக்கரையும் சொன்னேன். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்றதும் அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. "பத்திரமான இடம்தான்" என்றார். வராந்தாவின் மறுகோடியில் நிவேதா உரக்க மூச்சு விட்டாள்.

"நீங்க சொன்னா அவ கேப்பா சார்."

"என்ன சொல்லணும்?"

"போகாதேன்னு."

"நான் எப்பவும் ரெண்டு தரப்பையும் கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்குறது. காலையில உக்காருவோம். இன்னைக்கு ரெண்டு பேரும் ரொம்ப தூரம் வந்திருக்கீங்க."

வெள்ளிக்கிழமை காலை இட்லி போன்ற ஒன்றும் தேங்காய்ச் சட்னியும் முடிந்ததும் பேச்சுவார்த்தை தொடங்கியது. நான் அறையில், நிவேதா வராந்தாவில், நடுவில் பலகைச் சுவர். விதி எளிது என்றார் செல்லையா. நாங்கள் நேரில் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் அவரிடம் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் கோபத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் மறுபக்கம் கொண்டுபோவார். அவர் கொண்டுவந்ததற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

விதியில் ஒரு ஓட்டை இருந்தது. சுவர் படாக் என்ற உள்ளூர் மரப்பலகை; விரல் நுழையும் இடுக்கு. இந்தப் பக்கம் கிசுகிசுத்தாலும் அந்தப் பக்கம் கேட்கும்.

"அவ செத்துப்போனா அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டி நான் என்ன சார் பண்றது?" என்றேன் நான்.

செல்லையா எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வாசலைச் சுற்றி வராந்தாவுக்குப் போனார். அவர் குரல் பலகை வழியே வந்தது. "அம்மா தரப்புல பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பத்திக் கூடுதல் விவரம் கேக்குறாங்க."

"அம்மா அதுவா சொன்னாங்க? செத்துப்போனான்னாங்க! எனக்குக் காது இருக்கு சார்!"

"சுவரு சொன்னதுக்குப் பதில் வேணாம். நான் சொன்னதுக்குச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். புது நகரம் எல்லையிலிருந்து எழுபது கிலோமீட்டர். விடுதியிலேயே பதுங்கறை. மூன்று சீனியர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். இதையெல்லாம் வீட்டில் அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் சொல்ல விட்டதில்லை என்பாள் அவள். பிறகு, "ஆனா எது சொன்னாலும் அவங்க ஒத்துக்க மாட்டாங்க. அவங்களுக்கு நான் வீட்டுல ஷோகேஸ்ல இருக்கணும்" என்றாள்.

அவர் மறுபடியும் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். விவரங்களை ஒன்று விடாமல் சொன்னார். "மத்தபடி, தன் நடமாட்டம் பத்திச் சில கவலைகள் இருக்குங்கிறாங்க."

"ஷோகேஸ்னு சொன்னா சார்!"

"சுவரு."

பலகைக்கு அப்பால் அடுப்படியில் ரீனா சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது. எத்தனை முறை அவர் அப்படிச் சுற்றி வந்தார் என்று எண்ணவில்லை. இடையில் ஒரு முறை மூச்சு வாங்கி, "வயசான காலத்துல ரெண்டு பேரும் கொஞ்சம் சுருக்கமாத் திட்டுங்க" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தோம், ஒரு தடவை பச்சையாக, ஒரு தடவை பக்குவமாக. என் வாயிலிருந்து வந்தது பலகையைத் தாண்டி அவள் காதில் எப்படி விழும் என்று முன்கூட்டியே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவளும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவளுடைய குரல் இறங்கியது.

அந்த இறங்கிய குரலில் ஒன்று சொன்னாள். "சார், அங்க குண்டு விழுந்தப்ப எனக்கு இவ்வளவு பயமில்ல. இங்க வந்தப்புறம்தான். நான் குளிக்கப் போய்க் கொஞ்சம் லேட்டானா அம்மா கதவைத் தட்டுறாங்க. ராத்திரி மூக்குல விரல் வெச்சுப் பாக்குறாங்க, மூச்சு வருதான்னு. நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன். அந்தப் பயத்துக்குள்ள இருந்துக்கிட்டு என்னால மனுசங்களுக்கு வைத்தியம் பாக்க முடியாது. அவங்களைப் பாக்கவே எனக்குப் பாவமா இருக்கு."

செல்லையா வாசலைச் சுற்றி வந்து என் எதிரே உட்கார்ந்தார். "வீட்டுல காத்தோட்டம் போதலைன்னு சொல்றாங்க" என்றார்.

இடுக்கில் வாய் வைத்து, "நீ முழிச்சிருந்தியாடி?" என்று கேட்டேன்.

"எப்பவும்" என்றது பலகை.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்திருவ. நிறுத்திட்டு நீ தூங்காம உக்காந்திருப்ப. அதுக்கு இதே தேவலன்னு விட்டுட்டேன்."

செல்லையா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ரெண்டு தரப்பும் விதியை மீறிட்டீங்க. மத்தியஸ்தர் டீ குடிக்கப் போறாரு" என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விட்டார்.

பாக்கியை நாங்கள் சுவரின் வழியாகவே பேசினோம். முகம் பார்த்தால் மறுபடியும் கத்திவிடுவோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. நான் லாக்கரைத் திறக்கிறேன் என்றேன். அவள், கல்லூரி எல்லைக்குப் பக்கம் இருக்கும்வரைதான் அங்கே இருப்பேன், நகரத்தின் நிலைமை மாறினால் யார் சொல்வதற்கும் காத்திராமல் அன்றே கிளம்பிவிடுவேன் என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போன் பண்ணலாம் என்பதில் தகராறு வந்தது. அதற்கு மட்டும் செல்லையாவைக் கூப்பிட்டோம். கையில் டீயோடு வந்து நின்றபடியே சொன்னார்.

"ஜெயில்ல பசங்களைப் பாக்கப் போவேன். நல்லா இருக்கியான்னு கேட்டா, எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க. அடி வாங்குனவனும் அதையேதான் சொல்வான். அதனால, இன்னைக்கு என்ன சாப்பிட்டேன்னு கேப்பேன். சாப்பாட்டைப் பத்திப் பேசுறப்ப பொய் சொல்றது கஷ்டம். குரல்லயே தெரிஞ்சிரும். தினம் ஒரு தடவை உங்க பொண்ணே கூப்பிட்டு என்ன சாப்பிட்டேன்னு சொல்லட்டும். நீங்க வேற எதுவும் கேக்காதீங்க."

அதற்கு இருவரும் ஒப்புக்கொண்டோம். மாலையில் ஆம்குஞ்ச் கடற்கரைக்குப் போனோம். ஆட்டோவுக்குப் போகவர நானூறு ரூபாய். அலை குறைவு, கல் அதிகம். நிவேதா கணுக்கால் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போனாள். நான் மணலில் உட்கார்ந்து, ரீனா கொடுத்தனுப்பிய பொரியைத் தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கடற்கரையைப் பற்றி எனக்கு வேறெதுவும் நினைவில்லை. பொரி நன்றாக இருந்தது.

சனிக்கிழமை காலை சாலையோரம் பேருந்துக்கு நின்றோம். நிவேதா பைகளோடு முன்னால் நின்றாள். செல்லையா என் பக்கத்தில். இதைக் கேட்காமல் போனால் திருச்சி வரை தூங்க மாட்டேன் என்று தோன்றியது.

"சார், அவ திரும்பி வந்துருவால்ல?"

இரண்டு நாளாக அவர் வாய்ச் சாமர்த்தியத்தைப் பார்த்துவிட்டேன். உப்புக்கும், மாசி விலைக்கும், லாக்கருக்கும், பிறந்த லயத்துக்கும் அவரிடம் ஒரு மிருதுவான சொல் இருந்தது. இதற்கும் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதை வாங்கிக்கொண்டு போகவே நின்றேன்.

"தெரியாதும்மா" என்றார்.

பேருந்து வந்தது. ஏறினோம். அவர் கையசைக்கவில்லை; வண்டி மறையும்வரை சாலையில் நின்றிருந்தார்.

"என்ன கேட்ட அவர்கிட்ட?" என்றாள் நிவேதா.

எதையாவது கழித்துச் சொல்லலாமா என்று ஒரு நொடி பார்த்தேன். "நீ திரும்பி வருவியான்னு கேட்டேன். தெரியாதுன்னார்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எனக்கும் தெரியாதும்மா" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்தாள். கட்டை போல இல்லை.

திருச்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஜங்ஷன். எந்தத் திசைக்கும் எந்த நேரத்திலும் வண்டி உண்டு. அதனால் யாரையும் வழியனுப்புவதை நாங்கள் பெரிதாக நினைப்பதில்லை. இந்தத் தீவில் ஒரே சாலை. கேட் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த கேட் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இருட்டிலேயே எழுந்து சோறு கட்டிக் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறார்கள். எங்கள் பேருந்தில் அப்படி நாலைந்து பொட்டலங்கள் இருந்தன. ஏற்றிவிட வந்த ஒரு அம்மாகூட, கவனம், ஜாக்கிரதை என்று சொல்லவில்லை. ரசம் கீழே, சோறு மேலே என்றுதான் சொன்னார்.

ஜிர்காடாங் கேட்டைத் தாண்டியதும் போனில் சிக்னல் வந்தது. கணவரைக் கூப்பிட்டேன்.

"என்ன, பேசி முடிச்சாச்சா? போறாளா, இருக்காளா?"

"திங்கக்கிழமை பேங்க் திறந்ததும் வாங்க, லாக்கருக்குப் போகணும்" என்றேன். "நான் அனுப்புறேன்."